கண்ணுக்குத் தெரிகிறது, கை கேட்பதில்லை: கைக்குழந்தைகளின் செயலாட்சித் திறன்

ஒன்பது மாதக் குழந்தை வீட்டில் இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு கைக்குட்டைகளும், குழந்தைக்குப் பிடித்த ஒரு பொம்மையும் வேண்டும். பொம்மை வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். தரையில் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து, கைக்குட்டைகளை இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக விரியுங்கள். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மையை இடப்பக்கத் துணியின் அடியில் மறையுங்கள். கை நீளும், துணி விலகும், பொம்மை கிடைக்கும், சிரிப்பு வரும். மூன்று நான்கு முறை அதே பக்கம் மறையுங்கள். அடுத்த முறை, அதன் கண்ணெதிரே, ஒளிவு மறைவு எதுவும் இல்லாமல், வலப்பக்கத் துணிக்கு அடியில் வையுங்கள். சில விநாடிகள் கையைப் பிடித்துக் காக்க வைத்துவிட்டுத் தேட விடுங்கள். பெரும்பாலும் கை இடப்பக்கமே போகும். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை என்று திகைத்து உட்கார்ந்திருக்கும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகளிடம் இதுபோன்ற நடத்தையைக் கவனித்து, 1937இல் வெளிவந்த நூலில் விளக்கினார். பொருள் தனக்கென ஓரிடத்தில் இருக்கிறது என்பதை அந்த வயதுக் குழந்தை இன்னும் முழுதாக அறியவில்லை, ‘இந்தத் துணியை விலக்கினால் பொம்மை வரும்’ என்று தன் செயலோடு சேர்த்தே அதைப் புரிந்துகொள்கிறது என்றார் அவர். சுருங்கச் சொன்னால், குழந்தைக்கு விஷயம் தெரியவில்லை. முதல் இடத்தை ஏ என்றும் இரண்டாவதை பி என்றும் குறிப்பதால், ஆய்வாளர்கள் இதை ‘ஏ-நாட்-பி’ பிழை என்கிறார்கள்.

பியாஜேயின் விளக்கத்தில் இருந்த ஓட்டையைக் காட்டியவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் அடீல் டயமண்ட். 25 குழந்தைகளை ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரவழைத்து, இதே விளையாட்டை ஆடினார். மறைப்பதற்கும் தேட விடுவதற்கும் இடையில் எத்தனை விநாடி காக்க வைக்கிறோம் என்பதைத்தான் அவர் மாற்றிக்கொண்டே வந்தார். 1985இல் வெளியான முடிவு இது: ஏழரை மாதத்தில் 2 விநாடிக்கும் குறைவாகக் காக்க வைத்தாலே குழந்தை தவறிவிடுகிறது. ஒரு வயதிலோ 10 விநாடிக்கு மேல் காக்க வைத்தால்தான் தவறுகிறது. சராசரியாக மாதத்துக்கு 2 விநாடி வளர்ச்சி.

குழந்தை வளர்ப்பு பற்றி நான் படித்த எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மாதத்துக்கு 2 விநாடிதான். பல் முளைப்பதையும் தவழ்வதையும் நாள் குறித்துவைக்கிறோம். இந்த வளர்ச்சி நம் கண்முன்னே நடந்தும், யாரும் கவனிப்பதில்லை.

பொருள் எங்கே என்று தெரியவே தெரியாத குழந்தை என்றால், காக்க வைக்கும் நேரம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதானே? ஆக, விஷயம் தெரிவதில் மட்டும் இல்லை. தெரிந்ததைச் சில விநாடி மனத்தில் பிடித்துவைக்க வேண்டும். அதோடு, நான்கு முறை பலன் தந்த பழைய அசைவைத் தடுக்கவும் வேண்டும். பின்னதுதான் கடினம். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள புல்வெளியில், பேருந்து நிறுத்தத்துக்குக் குறுக்கு வழியாகப் பலர் நடந்து நடந்து ஒரு தடம் விழுந்திருக்கும். கால் தானாக அதில்தான் போகும். நான்கு முறை இடப்பக்கம் நீண்ட கைக்கும் அப்படி ஒரு தடம் விழுந்துவிடுகிறது. இந்த ஆய்வுகளில் சில குழந்தைகள் சரியான துணியைப் பார்த்துக்கொண்டே தவறான துணியை நோக்கிக் கையை நீட்டுவதுண்டு. கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. கை கேட்கவில்லை.

டயமண்ட் நடத்திய இன்னொரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் கண்ணாடி போன்ற பெட்டிக்குள் பொம்மை இருக்கும். ஏழு மாதக் குழந்தைக்குப் பொம்மை தெரிகிறது, நேராகக் கையை நீட்டுகிறது, பெட்டியின் சுவரில் இடிக்கிறது, மறுபடியும் இடிக்கிறது. திறந்த பக்கம் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. ஒரு வயதை நெருங்கும்போது அதே குழந்தை சுற்றிக் கையை விட்டு எடுத்துவிடுகிறது. உள்ளே இருப்பது தெரியாத பெட்டியில் இதே வேலை குழந்தைகளுக்கு எளிதாக இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பொம்மை கண்ணில் படுவதே கையை இழுத்துவிடுகிறது.

இப்படி ஒன்றை மனத்தில் பிடித்துவைத்து, முந்திக்கொண்டு வரும் அசைவையோ ஆசையையோ அடக்கி, நிலைமை மாறும்போது வழியையும் மாற்றிக்கொள்ளும் திறன்களின் தொகுப்பைத்தான் உளவியலில் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் செயலாட்சித் திறன் என்று சொல்கிறேன். பெரியவர்களிடம் இது மூன்று இழைகளாகப் பிரித்து அளக்கப்படுகிறது: செயல்நினைவு, தடுத்தல், மாற்றிக்கொள்ளல். அடுப்பில் குழம்பைக் கவனித்தபடியே தொலைபேசியில் பேசி, உப்பு போட்டோமா இல்லையா என்று நினைவு வைத்துக்கொள்வது முதல், கோபத்தில் எழுதிய குறுஞ்செய்தியை அனுப்பாமல் அழிப்பது வரை எல்லாம் இதில் அடங்கும். கைக்குழந்தையிடம் இந்த இழைகள் இன்னும் பிரியவில்லை. கைக்குட்டை விளையாட்டில் எங்கே நினைவு முடிகிறது, எங்கே தடுத்தல் தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல ஆய்வாளர்களாலேயே முடிவதில்லை.

இதன் வேர் இன்னும் முன்னால் போகிறது. ஒன்று இரண்டு மாதக் குழந்தை கூரையில் சுற்றும் மின்விசிறியையே வைத்த கண் வாங்காமல் பார்க்கும். அம்மா அருகே வந்து கூப்பிட்டாலும் திரும்பாது. ‘என்ன இது, விசிறியையே பார்க்கிறதே’ என்று சிலர் கவலைப்படுவார்கள். அந்த வயதில் ஒன்றில் ஒட்டிய பார்வையைப் பிய்த்து எடுப்பதே பெரும்பாடு. மூன்று நான்கு மாதங்களில்தான் பார்வையை விடுவித்து வேறொன்றுக்குத் திருப்பும் திறன் வசமாகிறது. குழந்தை தன் நடத்தைமீது பெறும் முதல் பிடி அது. கை அதற்குப் பிறகுதான் வருகிறது.

மூளையில் இதற்கான இடம் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நெற்றிப் புறணி. டயமண்டும் நரம்பியலாளர் பட்ரீசியா கோல்ட்மன்-ராக்கிச்சும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியச் சான்று. அந்தப் பகுதியில் குறிப்பிட்ட இடத்தில் பாதிப்புள்ள வளர்ந்த குரங்குகள், ஏ-நாட்-பி விளையாட்டில் 2 முதல் 5 விநாடி இடைவெளிக்கே தவறின. ஏழரை முதல் ஒன்பது மாதக் குழந்தைகள் தவறும் அதே விதத்தில் தவறின. இந்தப் பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்டி இன்னும் சில ஆண்டுகள் ஆகின்றன. மூளையில் மிக மெதுவாகப் பழுக்கும் பகுதிகளில் இதுவும் ஒன்று. எட்டு மாதத்தில் அது தொடக்கநிலையில் இருக்கிறது என்பதில் வியப்பில்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று எழுதிவிட்டால் வசதியாக இருக்கும். ஆனால் இந்த ஒரு விளையாட்டைச் சுற்றி ஆய்வாளர்கள் இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எஸ்தர் தெலென், லிண்டா ஸ்மித் ஆகியோர் 1999இல் காட்டியது எனக்கு இன்றும் சுவையானது. பொம்மையே இல்லாமல் வெறும் மூடிகளைக் காட்டி எடுக்கச் செய்தாலும் குழந்தைகள் அதே பிழையைச் செய்கின்றன. முதல் இடத்துக்கு உட்கார்ந்தபடி ஆடிய குழந்தையை, இரண்டாம் இடத்துக்கு மாறும்போது தூக்கி நிற்க வைத்தால் பிழை பெரிதும் மறைகிறது. உடல் நிலை மாறியதும் கையின் பழக்கம் அறுந்துபோகிறது. 2008இல் ஹங்கேரிய ஆய்வுக்குழு ஒன்று வேறொரு கோணத்தைக் கொண்டுவந்தது. கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, சிரித்துப் பேசியபடி பொம்மையை மறைத்தால் பத்து மாதக் குழந்தைகள் அதிகம் தவறுகின்றன. முகம் கொடுக்காமல், பேசாமல் மறைத்தால் பிழை குறைகிறது. ‘பொம்மை இந்தப் பக்கம்தான் இருக்கும் என்று இவர் எனக்குச் சொல்லித்தருகிறார்’ என்று குழந்தை எடுத்துக்கொள்கிறதாம். மூன்று விளக்கங்களில் எது சரி என்று கேட்டால், மூன்றும் ஓரளவு சரி என்பதே என் எண்ணம். நினைவு, பழக்கம், உடல், எதிரே இருப்பவரின் முகம் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கையை நகர்த்துகின்றன.

இனி வீட்டுக்கு வருவோம். தவழத் தொடங்கிய குழந்தை தரையில் நிற்கும் மின்விசிறியை நோக்கிப் போகிறது. பாட்டி “வேண்டாம் கண்ணு, கை வைக்காதே” என்கிறார். குழந்தை நின்று, திரும்பிப் பாட்டியைப் பார்க்கிறது. சில குழந்தைகள் தாமே ‘கூடாது’ என்று தலையைக்கூட ஆட்டும். ஆட்டிவிட்டுப் போய்த் தொடும். “பாருங்கள், எவ்வளவு அழுத்தம்! தெரிந்தே செய்கிறது” என்பார் தாத்தா. தெரிந்தே செய்கிறது என்பது சரிதான். அழுத்தம் என்பதுதான் தவறு. ‘கூடாது’ என்பது புரிகிற வயதும், புரிந்ததால் கையை நிறுத்த முடிகிற வயதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் குழந்தையின் கையில் அடிப்பது, இன்னும் வராத ஒரு திறனுக்காகத் தண்டனை கொடுப்பதாகும். மின்விசிறியைச் சுவரில் மாட்டிவிடுவதும், வாசல் கதவருகே உள்ள செருப்பு அடுக்கை உயரத்துக்கு மாற்றுவதும், மின்செருகித் துளைகளை மூடுவதும் அந்த வயதுக்கு எல்லா அறிவுரையையும்விடப் பயன் தரும். பெரியவர்கள் குழந்தைக்கு முன்நெற்றிப் புறணியாக இருக்க வேண்டிய காலம் அது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இரட்டையர்களை வைத்து நடந்த நெடுங்கால ஆய்வில், மினுமினுக்கும் ஒரு கோலைக் குழந்தையின் முன்னே வைத்து, ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டு 30 விநாடி காத்திருந்தார்கள். 14, 20, 24, 36 மாதங்களில் இதைச் செய்தார்கள். 14 மாதத்தில் 30 விநாடி என்பது பெரிய காலம். வயது ஏற ஏறக் காத்திருப்போர் கூடினார்கள். சிறு வயதிலேயே அடக்கம் காட்டியவர்கள், 17 வயதில் செயலாட்சிச் சோதனைகளிலும் சராசரியாகச் சற்று மேலே இருந்தார்கள் என்று 2011இல் எழுதினார்கள். சராசரி என்ற சொல்லை இங்கே விட்டுவிடக் கூடாது. கோலை உடனே பிடுங்கிய ஒரு குழந்தையின் எதிர்காலத்தை இதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் இந்தப் பேச்சு எடுத்தால் அடுத்த கேள்வி மொழியைப் பற்றித்தான் வரும். வீட்டில் தமிழ், பராமரிப்பு நிலையத்தில் ஆங்கிலமும் மாண்டரினும், பணிப்பெண்ணிடம் இன்னொரு மொழி என்று வளரும் குழந்தைக்கு இதனால் லாபமா, குழப்பமா? 2009இல் இத்தாலியின் டிரியெஸ்டே நகரில் ஆக்னெஸ் கோவாச்சும் ஜாக் மெலரும் ஏழு மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒலி கேட்டதும் திரையின் ஒரு பக்கம் பொம்மை வரும். பழகியபின், பொம்மை மறுபக்கம் வரத் தொடங்கும். இரு மொழி கேட்டு வளர்ந்த குழந்தைகள் பழைய பக்கத்தை விட்டுவிட்டுப் புதிய பக்கத்துக்குப் பார்வையை மாற்றின. ஒரு மொழிக் குழந்தைகள் பழைய பக்கத்திலேயே நின்றன. உலகெங்கும் செய்தித்தாள்கள் கொண்டாடின. பிறகு வேறு ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது அதே முடிவு தெளிவாகக் கிடைக்கவில்லை. குழந்தைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடரும் சிங்கப்பூரின் குஸ்டோ ஆய்வில் இருந்த ஆறு மாதக் குழந்தைகளிடம் லீஹர் சிங் முதலானோர் கண்டது சற்று வேறு: இருமொழிக் குழந்தைகள் திரும்பத் திரும்பக் காட்டிய படத்தில் சீக்கிரம் அலுப்படைந்து, புதிய படத்தை நாடின. இது கவனத்தைப் பற்றிய முடிவு. செயலாட்சித் திறனுக்குச் சான்றாக அதை நீட்டுவது அதிகப்படி.

என் கருத்தைக் கேட்டால், மூளைக்கு நல்லது என்பதற்காகக் குழந்தையிடம் தமிழ் பேச வேண்டியதில்லை. பாட்டியோடு பேச, அம்மாவின் கொஞ்சல் புரிய, தமிழ் வேண்டும். அந்தக் காரணம் எந்த ஆய்வு மாறினாலும் மாறாது. பல மொழி கேட்பதால் குழந்தை குழம்பிவிடும் என்று பயந்து தமிழை நிறுத்துவதற்கும் எந்த ஆதாரமும் இல்லை.

குஸ்டோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2009 முதல் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கருவுற்ற சீன, மலாய், இந்தியப் பெண்களைச் சேர்த்து, பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்கிற ஆய்வு அது. 2023இல் அதிலிருந்து வெளிவந்த ஒரு கட்டுரை 437 குழந்தைகளைப் பற்றியது. ஒரு வயதளவில் திரை பார்த்த நேரத்தைப் பெற்றோரிடம் கேட்டார்கள். ஒன்றரை வயதில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். ஒன்பது வயதில் கவனத்தையும் செயலாட்சித் திறனையும் சோதித்தார்கள். ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்தவர்களிடம், விழிப்பு குறைந்த நிலையோடு தொடர்புடைய மெதுவான அலைகள் கூடுதலாகத் தெரிந்தன. அவர்களே ஒன்பது வயதுச் சோதனைகளில் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள்.

இதைப் படித்ததும் திரைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கைத்தொலைபேசியைக் குழந்தை கையில் கொடுக்கிற வீடு பெரும்பாலும் வேறு நெருக்கடிகளும் உள்ள வீடு: இரண்டு வேலை, உதவிக்கு ஆளின்மை, தூக்கமின்மை. ஆய்வாளர்களும் இதைத் தொடர்பு என்றே சொல்கிறார்கள். ஆனாலும், திரை முன் கழியும் ஒரு மணி நேரம், யாரும் முகம் பார்த்துப் பதில் சொல்லாத ஒரு மணி நேரம் என்பது மட்டும் நிச்சயம். சுகாதார அமைச்சின் வழிகாட்டியும் தெளிவாகவே இருக்கிறது: ஒன்றரை வயதுக்குக் கீழே திரை வேண்டாம், காணொளி அழைப்பு மட்டும் விதிவிலக்கு. திருச்சியில் இருக்கும் தாத்தாவோடு பேசுவது அந்த விதிவிலக்கில் வருகிறது என்பது நம்மில் பலருக்கு நிம்மதி. ஆள் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் மாலைத் தொடர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் இந்தத் திறனை வளர்க்க என்ன வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கடைத்தொகுதிகளில் கைக்குழந்தைகளுக்கான ‘மூளை வளர்ச்சி’ வகுப்புகளுக்குக் குறைவில்லை. நான் அவற்றுக்குப் பணம் கட்டமாட்டேன். ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிவது பெரியவர் குழந்தையோடு நடந்துகொள்ளும் விதம். 2010இல் அன்னி பெர்னியே என்ற கனடிய ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 15 மாதக் குழந்தைகளுக்கு, தனியாகச் செய்வதற்குச் சற்றுக் கடினமான புதிர்களைக் கொடுத்து, தாய்மார் எப்படி உதவுகிறார்கள் என்று பார்த்தார்கள். எல்லாவற்றையும் தாமே செய்து முடிப்பவர்கள், விட்டுவிட்டு ஒதுங்குபவர்கள், குழந்தையின் வேகத்துக்குக் காத்திருந்து தேவையான இடத்தில் மட்டும் கைகொடுப்பவர்கள் எனப் பலவிதம். கடைசி வகையினரின் குழந்தைகள் ஒன்றரை வயதிலும் 26 மாதத்திலும் செயலாட்சிச் சோதனைகளில் மேலே இருந்தார்கள்.

இன்னொன்று, 2016இல் சென் யூவும் லிண்டா ஸ்மித்தும் செய்தது. பெற்றோரும் ஒரு வயதுக் குழந்தையும் தலையில் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியை மாட்டிக்கொண்டு விளையாடினார்கள். குழந்தை பார்க்கும் பொருளையே பெரியவரும் பார்த்தபோது, பெரியவர் பார்வையைத் திருப்பிய பிறகும் குழந்தை அந்தப் பொருளில் கூடுதல் நேரம் நிலைத்தது. புதிது புதிதாகப் பொம்மையைக் குழந்தையின் முகத்துக்கு நேரே ஆட்டுகிற நம் பழக்கத்துக்கு இது நேர்மாறு. குழந்தை மைலோ டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால், அந்த மூடியைத்தான் நாமும் பார்க்க வேண்டும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணிப் பருவம் என்றார்கள். குழந்தையைக் கை தட்டச் சொல்லிப் பாடும் பருவம். பாடி, சட்டென்று நிறுத்தி, குழந்தையின் முகத்தைப் பார்த்து, மறுபடி தட்டும் அந்த விளையாட்டில் காத்திருத்தலும் இருக்கிறது, நினைவும் இருக்கிறது. முந்தானையால் முகத்தை மூடி ‘அம்மா எங்கே?’ என்று கேட்டுவிட்டு ஒரு விநாடி தாமதித்துக் காட்டுவதும் அப்படியே. பாட்டிமார்கள் விநாடியை எண்ணுவதில்லை. குழந்தை வளர வளர அந்தத் தாமதத்தை அவர்களே நீட்டிக்கொண்டு போவார்கள்.

இரண்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரையிலான குழந்தைகளைச் சேர்க்கும் சிசுப் பராமரிப்பு நிலையத்தில் விடுபவர்கள், அங்கே என்ன பாடத்திட்டம் என்று கேட்பதைவிட, ஓர் ஆசிரியர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார், ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்று கேட்கலாம். முகம் பார்த்துப் பதில் சொல்ல ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் குழந்தையைத் தெரிந்திருக்க வேண்டும்.

கைக்குட்டை விளையாட்டில் உங்கள் குழந்தை தவறினால் அது எந்தக் குறைக்கும் அடையாளம் இல்லை. பசியாக இருந்தால் தவறும், தூக்கம் வந்தால் தவறும், பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் தவறும். பலதுறை மருந்தகத்தில் தடுப்பூசிக்குப் போகும்போது நடக்கும் வளர்ச்சிப் பரிசோதனையில் பார்ப்பது வேறு விஷயங்கள்: பார்வை பின்தொடர்கிறதா, ஒலிக்குத் திரும்புகிறதா, பெயர் சொன்னால் கவனிக்கிறதா, சுட்டிக் காட்டுகிறதா. அவற்றில் ஏதேனும் உறுத்தினால் சுகாதாரக் கையேட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த தேதிக்குக் காத்திராமல் தாதியிடம் கேட்டுவிடுங்கள்.